மூன்று வார லீவு, ஒரே ஒரு ரயில் பயணம்: எந்தத் தடம்?

உலகத்தை ரயிலில் சுற்றும் ஆசை உள்ள பலரைக் கிளப்பிவிட்டது ஒரு வரைபடம்தான். போர்ச்சுகலின் தென்கோடியில் இருக்கும் லாகோஸில் தொடங்கி, பாரிஸ், மாஸ்கோ, பெய்ஜிங், லாவோஸ், பாங்காக் என்று வளைந்து சிங்கப்பூரில் முடியும் ஒரு கோடு. 18,755 கிலோமீட்டர், உலகின் மிக நீளமான ரயில் பயணம் என்று கீழே எழுதியிருக்கும். 2021 டிசம்பரில் லாவோஸ்–சீனா பாதை திறந்த சமயத்தில் வாட்ஸப்பில் அது வராத குழு குறைவு. இப்போதும் யாராவது அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கோடு அறுந்து கிடக்கிறது. ரஷ்யாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் நடுவே ஓடிய பயணிகள் ரயில்கள் கொரோனாவிலும் அதன் பின் போரிலும் நின்றுபோயின. ஹெல்சிங்கி–செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ரயில் 2022 மார்ச்சில் நின்றது. மாஸ்கோ–பெய்ஜிங் நேரடி ரயில் அதற்கும் முன்பே, 2020இல், நின்றுவிட்டது.

அதனால் கேள்வியைச் சுருக்கிக்கொள்வோம். மாதச் சம்பளக்காரர், கையில் மூன்று வார லீவு, வெளிநாட்டில் ஒருமுறையாவது ஆசை தீர ரயிலில் போக வேண்டும். பட்டியல் போட்டால் பத்து தடங்கள் தேறும். நிஜமாகப் போட்டியில் நிற்பவை நான்கு: சைபீரியா, ஐரோப்பா, அமெரிக்கா, தென்கிழக்கு ஆசியா. விசா விஷயங்களை இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்து எழுதுகிறேன். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு அந்தப் பகுதி மட்டும் மாறும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படி ஒப்பிடும்போது தூரம், ஜன்னல் காட்சி, டிக்கெட் விலை ஆகியவற்றைத்தான் வழக்கமாக எடுத்துக்கொள்வார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு ஒன்று. வழியில் ஓர் ஊர் பிடித்துப்போய் இறங்கிவிட்டால், அடுத்த ரயில் எப்போது வரும்? சுவிட்சர்லாந்தில் அரை மணியிலோ ஒரு மணியிலோ வரும். அமெரிக்காவின் நெடுந்தூரத் தடத்தில் மறுநாள் இதே நேரத்துக்குத்தான் வரும். செலவு, அலுப்பு, முன்பதிவுத் தலைவலி எல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைப் பின்தொடர்ந்தே வருகின்றன.

கூடவே, நீங்கள் எந்த ரகம் என்று தெரிந்துகொள்வதும் முக்கியம். ரயிலுக்குள் வாழப் பிடிக்குமா, இல்லை ரயிலில் போய் ஊர் ஊராக இறங்கப் பிடிக்குமா? இதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. முழுக்கப் போக வேண்டியதில்லை, புவனேஸ்வர் வரை போய்ப் பாருங்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று மனசு கேட்க ஆரம்பித்துவிட்டால், சைபீரியாவை விட்டுவிடலாம்.

சைபீரியா: ஆசைக்கு ஒன்று, நிலவரத்துக்கு ஒன்று

மாஸ்கோவிலிருந்து விளாடிவோஸ்டாக் 9,289 கிலோமீட்டர். ஆறு இரவுகளுக்கு மேல் ஒரே வண்டி. இரண்டு ஊருக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். 1891இல் வேலை ஆரம்பித்து, கபரோவ்ஸ்கில் அமூர் ஆற்றுப் பாலம் முடிந்த 1916இல்தான் ரஷ்ய மண் வழியாகவே முழுப் பாதையும் சேர்ந்தது.

நம் ஊர் ரயிலில் வளர்ந்தவர்களுக்கு உள்ளே ஒன்றும் அந்நியமாக இருக்காது. பிளாட்ஸ்கார்ட் என்ற மலிவு வகுப்பு கிட்டத்தட்ட நம் ஸ்லீப்பர் பெட்டிதான். கதவில்லாத திறந்த அமைப்பு, 54 படுக்கைகள், நடைபாதையை ஒட்டி சைடு லோயர், சைடு அப்பர் கூட உண்டு. கூபே என்றால் கதவு வைத்த நான்கு படுக்கை அறை. பெட்டிக்கு ஒரு பொறுப்பாளர் இருப்பார், பெரும்பாலும் ஒரு அம்மா. படுக்கை விரிப்பு தருவதிலிருந்து கழிவறைக்குப் பூட்டுப் போடுவது வரை அவர் ராஜ்ஜியம். பெட்டியின் ஒரு முனையில் எந்நேரமும் கொதிக்கும் வெந்நீர் இருக்கும். அதை நம்பித்தான் எல்லோரும் நூடுல்ஸ், கோப்பை உருளைக்கிழங்கு மசியல், டீ என்று வாரத்தை ஓட்டுகிறார்கள். சைவக்காரர்களும் அதை வைத்தே சமாளித்துவிடலாம், அலுத்துப்போகும் என்பது வேறு விஷயம்.

ஜன்னல் காட்சியைப் பற்றி யாரும் உண்மையைச் சொல்வதில்லை. பிர்ச் மரங்கள், அப்புறம் பிர்ச் மரங்கள், அதற்கப்புறமும் பிர்ச் மரங்கள். நடுவே பைக்கால் ஏரியின் தென்கரையை ஒட்டி ஓடும் சுமார் 200 கிலோமீட்டர் இருக்கிறதே, அது மட்டும் தனிக் கணக்கு. அந்த நேரத்தில் தூங்கிவிட்டால் வந்ததற்கே அர்த்தமில்லை. மற்றபடி இந்தப் பயணத்தின் சுவையெல்லாம் பெட்டிக்குள் இருக்கிறது. எதிர்ப் படுக்கைக்காரர் நீட்டும் வெள்ளரிக்காய், மொழி தெரியாமல் நடக்கும் சீட்டாட்டம், இருபது முப்பது நிமிஷ நிறுத்தங்களில் பனியில் இறங்கிக் காலாறுவது.

விசா இப்போது பெரிய தடையில்லை. 2023 ஆகஸ்ட் முதல் இந்தியர்களுக்கு ரஷ்யா மின் விசா தருகிறது. சிக்கல் மற்ற இடங்களில். 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு வங்கிகள் தரும் விசா கார்டு, மாஸ்டர்கார்டு எதுவும் அங்கே வேலை செய்வதில்லை. செலவுக்கெல்லாம் ரொக்கத்தைச் சுமந்துகொண்டு போக வேண்டும், ரயில் டிக்கெட்டுக்கும் இடைத்தரகரைப் பிடிக்க வேண்டும். பயணக் காப்பீட்டுப் பத்திரங்களில் போர் தொடர்பான விலக்குகளைத் தேடிப் படித்தால் வயிறு கலங்கும். போர் நடக்கும் நாட்டில் உல்லாசப் பயணம் போகலாமா என்பது அவரவர் மனசாட்சி. நான் இப்போதைக்குத் தள்ளித்தான் வைப்பேன்.

ஆசையை அடக்க முடியாதவர்களுக்கு ஒரு மாற்று உண்டு, கஜகஸ்தான். அதே 1,520 மில்லிமீட்டர் அகலப் பாதை, அதே கூபே, பிளாட்ஸ்கார்ட், அதே வெந்நீர். மரத்துக்குப் பதில் முடிவே இல்லாத புல்வெளி. இந்தியர்களுக்கு 14 நாள் வரை விசா தேவையில்லை என்று 2022இல் அறிவித்தார்கள். அல்மாட்டியில் ஏறி, தெற்கே உஸ்பெகிஸ்தானுக்கு இறங்கி, தாஷ்கண்ட், சமர்கண்ட், புகாரா பார்த்துவிட்டு வரலாம். உஸ்பெகிஸ்தானுக்கு மின் விசா. தாஷ்கண்டிலிருந்து சமர்கண்டுக்கு அஃப்ரோசியாப் என்ற அதிவேக ரயில் 2011 முதல் ஓடுகிறது. 344 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்தில் முடித்துவிடும். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் விற்பனை திறந்த உடனே எடுக்க வேண்டும். இரண்டு வார லீவுதான் கிடைக்கும் என்பவர்களுக்கு இதைவிடக் கச்சிதமான தடம் எனக்குத் தோன்றவில்லை.

ஐரோப்பா: பாஸ் வாங்கும் முன் ஒரு கணக்கு

ஐரோப்பாவில் இறங்கி ஏறும் சுதந்திரம் வேறெங்கும் இல்லாத அளவுக்கு உண்டு. 33 நாடுகளில் செல்லும் யூரெய்ல் பாஸை நம் மக்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் அதனால்தான். 1959இல் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்காக ஆரம்பித்த பாஸ் இது. ஐரோப்பியர்களுக்கான இன்டர்ரெய்ல் 1972இல் வந்தது.

கணக்கு இப்படி. ஒரு மாதத்துக்குள் ஏழு நாள் பயணம் செய்யும் பாஸ், பெரியவர்களுக்கு இரண்டாம் வகுப்பில் சுமார் 380 யூரோ. அதாவது ஒரு பயண நாளுக்கு 54 யூரோ. உங்கள் திட்டத்தில் ஒரு நாளைய டிக்கெட் இதைவிடக் குறைவாக வந்தால் அன்றைக்குப் பாஸின் ஒரு நாளைச் செலவழிப்பது நஷ்டம். இத்தாலியில் அநேகமாக எல்லா நாளும் நஷ்டம்தான். ரெஜியோனாலே எனப்படும் சாதாரண வண்டிகளின் கட்டணம் மலிவு, முன்கூட்டி வாங்கினாலும் கடைசி நிமிஷத்தில் வாங்கினாலும் ஒரே விலை. அதிவேக ரயிலில் போனாலோ பாஸ் இருந்தும் தனியாக ரிசர்வேஷன் பணம் கட்ட வேண்டும். இட்டாலோ என்ற தனியார் நிறுவனத்தின் வண்டிகளில் பாஸே செல்லாது. பிரான்ஸின் டிஜிவி, ஸ்பெயினின் ஏவிஇ, லண்டன் போகும் யூரோஸ்டார் என்று அதிவேக ரயில்கள் எல்லாவற்றிலும் ரிசர்வேஷன் கட்டாயம். டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடங்கள் தீர்ந்துவிட்டால் கையில் பாஸை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியதுதான்.

சுவிட்சர்லாந்தில் கதை தலைகீழ். ஜூரிக்கிலிருந்து ஜெனீவாவுக்கு முழுக் கட்டணம் 90 பிராங்குக்கு மேல். சாதாரண ரயில்களில் ரிசர்வேஷன் என்ற பேச்சே இல்லை. ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் கிட்டத்தட்ட இப்படித்தான். பாஸ் வாங்கினால் நாள்களை இந்த நாடுகளில் செலவிடுங்கள், இத்தாலி, ஸ்பெயினுக்குத் தனி டிக்கெட் எடுங்கள். 27 வயது வரை இளைஞர் சலுகை உண்டு, 60 தாண்டியவர்களுக்கு பத்து சதவீதம் குறையும். குடும்பமாகப் போகிறவர்களுக்குப் பெரிய லாபம் குழந்தைகளில். 12 வயதுக்குக் குறைந்த இரண்டு பிள்ளைகள் ஒரு பெரியவருடன் இலவசமாகப் போகலாம்.

ஜெர்மனி மட்டும் சுற்றுவது என்றால் டாய்ச்லாண்ட் டிக்கெட் இன்னும் மலிவு. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025இல் 58, 2026இல் 63 ஆனது. ஒரு மாதம் முழுக்க உள்ளூர், வட்டார ரயில், பேருந்து எல்லாம் அடக்கம். ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. இது மாதச் சந்தா, 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் பலருக்கு இது ஞாபகம் வருகிறது.

ஜெர்மனி என்றதும் ரயில் நிமிஷம் தவறாது என்று நினைக்கிறவர்கள் அந்த நினைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். 2024இல் ஜெர்மன் ரயில்வேயான டாய்ச் பானின் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிஷத்துக்குள் வருவதை எல்லாம் 'நேரம்' என்று கணக்கு வைத்து. இணைப்பு ரயில்களுக்கு நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரவு ரயில்களை நம்பி முழுத் திட்டமும் போடுவதும் எனக்குச் சம்மதமில்லை. ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் வண்டிகள் நல்லவை, ஆனால் பாரிஸிலிருந்து வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் ஓடியவை 2025 டிசம்பரில் நின்றுபோனதைப் பார்த்தோம்.

ஐரோப்பாவில் ஒரே ஒரு பாதையில்தான் போக முடியும் என்றால் பெர்னினாவைச் சொல்வேன். செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் திரானோ வரை இரண்டரை மணி நேரம் போல ஆகும். உச்சியில் 2,253 மீட்டர் ஏறி, பனியாற்றைத் தாண்டி, பனைகள் நிற்கும் ஊரில் கொண்டுபோய் இறக்கும். சுற்றுலாக் குழுக்கள் கூடுதல் பணம் கட்டி கண்ணாடிக் கூரை போட்ட பெர்னினா எக்ஸ்பிரஸில் ஏறுவார்கள். அதே தண்டவாளத்தில் சாதாரண சிவப்பு ரயில் மணிக்கொன்றாகப் போகிறது, அதில் ஜன்னலைத் திறந்து தலைமுடி பறக்கப் போகலாம், ரிசர்வேஷனும் வேண்டாம். ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு ஒரு கூடுதல் வியப்பு காத்திருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், அதனால் நடுவே பல்சக்கரத் தண்டவாளம். பெர்னினாவில் நூற்றுக்கு ஏழு ஏற்றம், பல்சக்கரம் இல்லாமலே ஏறுகிறது. ஊட்டி ரயிலை இழுக்கும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களின் பூர்வீகமும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர்தான். நீலகிரிக்கு 2005இலும் பெர்னினாவுக்கு 2008இலும் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது.

ஐரோப்பாவின் குறை ரயிலில் இல்லை, இரவு தங்கும் செலவில் இருக்கிறது. மூன்று வார ஹோட்டல் வாடகை, சாப்பாட்டோடு ஒப்பிட்டால் பாஸ் விலை சில்லறை. ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, அதற்கு நேரம் கிடைப்பதற்குள் சில ஊர்களில் மாதம் ஓடிவிடும்.

அமெரிக்கா: ஒரு நாளைக்கு ஒரு வண்டி

சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பக்கம் போகும் கலிஃபோர்னியா ஜெஃபிர் அழகில் சைபீரிய ரயிலைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். 3,924 கிலோமீட்டர், சுமார் 52 மணி நேரம். மத்தியானம் சிகாகோவில் ஏறினால் சுவாரசியமில்லாத சமவெளி இரவில் கழிந்துவிடும். காலையில் டென்வர், உடனே ராக்கி மலை ஏற்றம், 10 கிலோமீட்டர் நீள மோஃபட் சுரங்கம், சாயங்காலம் வரை கொலராடோ ஆற்றின் பள்ளத்தாக்குகள். மறுநாள் சியரா நெவாடா மலைத்தொடர். அங்கே 1860களில் பாதை வெட்டியவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளிகள். கடைசியில் ரயில் எமரிவில் என்ற ஊரோடு நின்றுவிடும், விரிகுடாவைத் தாண்ட ரயில் நிறுவனமே பேருந்து விடுகிறது. கிழக்கிலிருந்து மேற்கே போங்கள். எதிர்த்திசையிலும் மலைகள் பகலில்தான் வரும், ஆனால் வண்டி தாமதமானால் ராக்கி இருட்டில் போய்விடும் அபாயம் அதில் அதிகம்.

தாமதம் ஆகும். இந்த ரயிலை ஓட்டும் ஆம்ட்ராக் நிறுவனம் 1971இல் ஆரம்பித்தது, அதன் நெடுந்தூர ரயில்கள் ஓடும் தண்டவாளங்களில் பெரும்பகுதி சரக்கு ரயில் நிறுவனங்களுக்குச் சொந்தம். பயணிகள் ரயிலுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் இரண்டு மைல் நீளச் சரக்கு வண்டி முன்னால் நின்றால் சட்டம் என்ன செய்யும்? சில மணி நேரத் தாமதத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். இறங்கும் நாளன்றே விமானம் பிடிக்கும் திட்டம் வேண்டவே வேண்டாம்.

499 டாலர் ரயில் பாஸில் 30 நாளில் பத்து முறை ஏறலாம், இருக்கை வகுப்பு மட்டும். இருக்கைகள் நம் சேர் காரைவிட அகலம், நன்றாகச் சாயும், இரண்டு இரவை ஓட்டிவிடலாம். படுக்கை வேண்டுமென்றால் ரூமெட் என்ற குட்டி அறை. சாப்பாடு அதில் அடக்கம், விலை சிகாகோவிலிருந்து கடைசி வரைக்கும் ஆயிரம் டாலரைத் தொட்டுவிடும். பெரிய குறை நான் முதலில் சொன்னதுதான். வழியில் கிளென்வுட் ஸ்பிரிங்ஸில் இறங்கி வெந்நீர் ஊற்றில் குளிக்க ஆசைப்பட்டால், அடுத்த ரயில் மறுநாள்தான். இறங்கும் ஒவ்வொரு ஊரிலும் ஓர் இரவு ஹோட்டல் செலவு. அமெரிக்க விசா ஏற்கெனவே பாஸ்போர்ட்டில் இருந்தால், அங்கே பிள்ளைகள் வீடு இருந்தால், இந்தத் தடம் தாராளமாகச் செய்யலாம். இதற்காகவே விசா நேர்காணலுக்குக் காத்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கனடாவின் கனடியன், ஆஸ்திரேலியாவின் கான், இந்தியன் பசிபிக் என்ற மூன்று ரயில்களையும் ஒரே பத்தியில் முடித்துவிடலாம். இந்தியன் பசிபிக் நல்லார்பார் சமவெளியில் 478 கிலோமீட்டர் ஒரு வளைவு கூட இல்லாமல் போகிறது, உலகிலேயே நீளமான நேர்த் தண்டவாளம் அது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆஸ்திரேலிய ரயில்கள் இரண்டும் தண்டவாளத்தில் ஓடும் சொகுசு ஹோட்டல்கள், மலிவு இருக்கைகளை 2016இலேயே எடுத்துவிட்டார்கள். கனடியன் டொராண்டோவிலிருந்து வான்கூவருக்கு நான்கு இரவுகள், வாரம் இரண்டே வண்டி. பணி ஓய்வுப் பணம் வந்த பிறகு யோசிக்கலாம்.

ஜப்பானைக் கேட்காமல் விடமாட்டீர்கள். ரயில்கள் உலகிலேயே சிறந்தவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 2023 அக்டோபரில் நாடு முழுக்கச் செல்லும் ஜேஆர் ரயில் பாஸின் ஏழு நாள் விலை 29,650 யென்னிலிருந்து 50,000க்கு ஏறிவிட்டது. டோக்கியோ–கியோட்டோ போய்வர சுமார் 28,000 யென்தான் ஆகும், பாஸ் கட்டுப்படியாகாது. தனி டிக்கெட் அல்லது ஒரு வட்டாரத்துக்கு மட்டுமான பாஸ் எடுத்தால் அருமையான பத்து நாள் பயணம். இரவில் படுத்துத் தூங்கிப்போகும் ரயில் அங்கே அநேகமாக அழிந்துவிட்டது, தினசரி ஓடுவது சன்ரைஸ் மட்டும்தான்.

தென்கிழக்கு ஆசியா: என் ஓட்டு இதற்கு

கோலாலம்பூரிலிருந்து சீனாவின் குன்மிங் வரை ரயிலிலேயே போகலாம் என்பது பத்து வருஷத்துக்கு முன் கனவு. மலேசியாவும் தாய்லாந்தும் இந்தியர்களுக்கு விசாவைத் தளர்த்தியிருக்கின்றன. திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கோலாலம்பூருக்கு நேரடி விமானம். ரயில் டிக்கெட்டுகள் எல்லாம் சேர்ந்து இருபதாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஐரோப்பியப் பாஸின் பாதி விலை.

முதல் கட்டம் கோலாலம்பூரிலிருந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார், இடிஎஸ் மின்சார ரயிலில் ஐந்தரை மணி நேரம் போல. இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஒரே நிலையக் கட்டடத்தில், பையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் போதும். அங்கே சாயங்காலம் பாங்காக் போகும் ஸ்லீப்பர் நிற்கும். ஒரு எச்சரிக்கை: தாய்லாந்து நேரம் மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. டிக்கெட்டில் அச்சாகியிருப்பது எந்த ஊர் நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாய் இரண்டாம் வகுப்பு ஸ்லீப்பரில் நம் சைடு லோயர், சைடு அப்பர் மட்டும்தான், பெட்டியின் இரண்டு பக்கமும் அப்படியே. ஊழியர் வந்து இருக்கையைப் படுக்கையாக்கி, வெள்ளை விரிப்புப் போட்டு, திரையையும் மாட்டிவிடுவார். கீழ்ப் படுக்கை அகலம் அதிகம், சில பாட் கூடுதலானாலும் அதையே எடுங்கள்.

பாங்காக்கில் இரண்டு நாள் இருந்தால் ஒரு நாளை காஞ்சனபுரிக்கு ஒதுக்கச் சொல்வேன். தோன்புரி நிலையத்திலிருந்து நாம் தோக் போகும் மெதுவான சாதாரண ரயில், குவாய் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, பாறையை ஒட்டிய மரப் பாலத்தின் மேல் நடை வேகத்தில் ஊர்ந்து போகும். 1942–43இல் ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதையில் மிஞ்சிய பகுதி இது. 12,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அந்த வேலையில் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளிகள் அதைவிடப் பல மடங்கு, அவர்களில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நல்ல கூலி என்று ஆசை காட்டியும் வலுக்கட்டாயமாகவும் கொண்டுபோன தமிழர்கள் ஏராளம். ஊர் நடுவே போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தோட்டத் தமிழர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. தமிழர்கள் உயிரைக் கொடுத்துப் போட்ட பாதை இது.

பாங்காக்கிலிருந்து லாவோஸ் தலைநகர் வியன்டியானுக்கு 2024 ஜூலை முதல் நேரடி இரவு ரயில். மேகாங் ஆற்றுப் பாலத்தில் தண்டவாளம் சாலைக்கு நடுவிலேயே பதிந்திருக்கிறது, ரயில் வரும்போது வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அந்த ரயில் கம்சவாத் நிலையத்தில் இறக்கிவிடும். சீன ரயில் கிளம்பும் நிலையம் வேறு இடத்தில். நடுவே வேனோ டாக்சியோ பிடிக்க வேண்டும். அன்றைக்கே மாறி ஏறும் திட்டம் வேண்டாம், ஓர் இரவு தங்குங்கள்.

அடுத்தது லாவோஸ்–சீனா பாதை. வியன்டியானிலிருந்து குன்மிங் 1,035 கிலோமீட்டர். எல்லை தாண்டும் நேரடி ரயில் 2023 ஏப்ரலில் தொடங்கியது, ஏறத்தாழ பத்து மணி நேரம். இதைப் பற்றி ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். லாவோஸ் பகுதியில் மட்டும் 75 சுரங்கங்கள், கிட்டத்தட்ட பாதித் தூரம் மலைக்குள்தான். பச்சை மலை, ஆறு என்று கண் விரிந்த அடுத்த நொடி இருட்டு. நிலையங்களும் ஊருக்கு வெளியே தள்ளி இருக்கின்றன. விமான நிலையம் மாதிரி பை சோதனை உண்டு, ஸ்பிரே டப்பா, கத்தி எல்லாம் பறிபோகும். இவ்வளவையும் மீறி நான் இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் லுவாங் பிரபாங். முன்பு சாலையில் ஒரு பகல் முழுக்க எடுத்த ஊர் இப்போது வியன்டியானிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். நாளுக்குப் பல ரயில்கள். இறங்கலாம், இரண்டு நாள் இருக்கலாம், மறுபடி ஏறலாம்.

சீன விசா எடுக்க அலுப்பாக இருந்தால் லுவாங் பிரபாங்கோடு திரும்பி, விமானத்தில் ஹனோய் போய் வியட்நாம் ரயிலில் தெற்கே இறங்கலாம். ஹனோய்–சைகோன் 1,726 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை, 1936இல் முடிந்து, போரில் அறுந்து, 1976இல் மறுபடி இணைந்தது. முழுக்க ஒரே மூச்சில் போனால் ஒன்றரை நாள். ஹூயேயிலிருந்து டா நாங் வரையிலான மூன்று மணி நேரத்தில் கடலை ஒட்டி ஹாய் வான் கணவாய் ஏறும், தெற்கே போகும்போது இடது பக்க ஜன்னல். வியட்நாம் மின் விசாவில் எந்தெந்த எல்லை வழியாக நுழையலாம் என்று பட்டியல் இருக்கும், விமான நிலையம் என்றால் பிரச்சினை இல்லை. சீன விசா இருந்தால் குன்மிங்கிலிருந்து நானிங் போய், 2025 மே மாதம் மறுபடி ஓடத் தொடங்கிய இரவு ரயிலில் ஹனோய் வரலாம். நடு இரவில் இரண்டு முறை எழுப்பிப் பையோடு இறக்குவார்கள். மூன்று வாரத்துக்குள் குன்மிங், சைகோன் இரண்டையும் திணித்தால் ஓட்டமும் நடையுமாகிவிடும். ஒன்றை விடுங்கள், நான் குன்மிங்கை விடுவேன்.

முன்பதிவு வரிசையில் ஒரு சூட்சுமம் உண்டு. சீன விசா தேவையென்றால் முதலில் அது. அடுத்து பாடாங் பெசார்–பாங்காக், பாங்காக்–வியன்டியான் ஸ்லீப்பர்கள், இவற்றைச் சில வாரங்களுக்கு முன்பே எடுத்துவிடலாம். லாவோஸ் ரயில் டிக்கெட் பயணத்துக்குச் சில நாள் முன்புதான் விற்பனைக்கு வரும், ஆகவே அந்தப் பகுதியில் ஒரு நாள் முன்பின் ஆனாலும் தாங்கும்படி ஹோட்டல் போடுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம், சீனப் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் வடக்கு லாவோஸில் காடு எரிக்கும் புகை மலையை மறைத்துவிடும். பிள்ளைகளின் பரீட்சை முடிந்து ஏப்ரல் நடுவில் கிளம்பலாம் என்று நினைப்பவர்களுக்கு: நம் சித்திரைப் புத்தாண்டு சமயத்தில்தான் தாய்லாந்துக்கும் லாவோஸுக்கும் புத்தாண்டு. நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும், ஸ்லீப்பரில் அப்பர் பெர்த் கூட மிஞ்சாது.